எந்தப் பட்டம் பெரியது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

அரச அலுவலகமொன்றில் வேலை விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்து, தகைமை உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறு பக்கம் என்று அடுக்கும் மேசையில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வுபெற்ற பின்னர் சனிக்கிழமைப் பின்னேரங்களில் உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் கோப்புகளோடு வந்து கேட்ட கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வி பத்து வாயிலிருந்து வரும்போது அதை ஒருமுறை எழுதிவைத்துவிடுவது எல்லோருக்கும் வசதி.

என் மகன் பட்டதாரி; தம்பியின் மகள் டிப்ளோமா முடித்து வேலை செய்கிறாள். இருவரில் யார் கூடப் படித்தவர்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான்; பெரும்பாலும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்கப்படுகிறது என்பதுதான் சங்கடம். கேள்வியில் இரண்டு வெவ்வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மட்டம், மற்றது பெறுமதி.

மட்டத்துக்கு அதிகாரபூர்வமான ஏணி உண்டு. 2012ஆம் ஆண்டு அறிமுகமாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், நாட்டின் தகைமைகளைப் பன்னிரண்டு படிகளில் வைக்கிறது. சாதாரண தரம் முதற்படி, உயர் தரம் இரண்டாம் படி, டிப்ளோமா மூன்று, உயர் டிப்ளோமா நான்கு, மூன்றாண்டுப் பட்டம் ஐந்து, நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறு. அதற்கு மேல் பட்டப்பின் சான்றிதழ், பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி, முதுதத்துவமாணி என்று ஏறிப் பன்னிரண்டாம் படியில் கலாநிதிப் பட்டம் நிற்கிறது. இந்தக் கணக்கில் உங்கள் மகன் மேற்படியில் இருக்கிறார். சந்தேகமில்லை.

பெறுமதிக்கு அப்படியொரு ஏணி இல்லை. அது அந்தத் தாளை யாரிடம், எதற்காக நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கணக்காய்வு உதவியாளர் வேலைக்குக் கணக்கியல் டிப்ளோமாக்காரியைக் கூப்பிடுவார்கள்; வரலாற்றுப் பட்டதாரியைக் கூப்பிட மாட்டார்கள். பாடசாலையில் வரலாறு கற்பிக்க அழைக்கும்போது நிலைமை தலைகீழாகும். எனவே யார் கூடப் படித்தவர் என்று என்னிடம் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, “எதற்காக அறிய விரும்புகிறீர்கள்?” என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் இருக்கும். மீதிப் பாதிப் பேர் தம்பியோடு ஏதோ ஒரு பழைய கணக்குத் தீர்க்க வந்தவர்கள்.

பொதுப் பட்டத்துக்கும் சிறப்புப் பட்டத்துக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

ஓராண்டு, முப்பது கிரெடிட், ஓர் ஆய்வுக் கட்டுரை. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட்டும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டும் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, வீட்டில் படிப்பது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 மணிநேரக் கற்றல் என்று சட்டகம் கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் அந்த மேலதிக ஆண்டு 1,500 மணிநேர உழைப்பு. சும்மா ஓர் ஆண்டு கூட இருந்துவிட்டு வந்ததல்ல.

வேலை விளம்பரத்தில் “அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம்” என்று மட்டும் இருந்தால் இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கும். பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டும், நேரடியாக ஆய்வுப் படிப்புக்குப் போக வேண்டும் என்றால் சிறப்புப் பட்டமும் அதில் நல்ல வகுப்பும் தேவைப்படும். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் சராசரிப் புள்ளி 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 எடுத்தால் கீழ்ப்பிரிவு. 3.29 எடுத்த பிள்ளை ஒருத்தி என் விறாந்தையில் இருந்து அழுதிருக்கிறாள். புள்ளிக் கூற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்துக்குக் கிடைத்த சாதாரணச் சித்தியை விரலால் தடவித் தடவிக் காட்டினாள். அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதியிருக்கலாமே என்று அப்போது சொல்லி என்ன பயன்? இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: வகுப்பு கடைசி ஆண்டில் தீர்மானிக்கப்படுவதல்ல, முதல் அரையாண்டிலிருந்தே கூடிக்கொண்டு வருவது.

வெளிவாரிப் பட்டம் உள்வாரிப் பட்டத்துக்குச் சமமா? திறந்த பல்கலைக்கழகப் பட்டம்?

ஒரே பல்கலைக்கழகம் உள்வாரியாகவும் வெளிவாரியாகவும் வழங்கும் பட்டங்கள் இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களே. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் மற்றவற்றைப் போல ஓர் அரச பல்கலைக்கழகம்தான்; அதன் பட்டத்தை இரண்டாந்தரமாக எண்ணுவதற்கு இடமில்லை. நேர்முகப் பரீட்சையில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதை மறைக்க மாட்டேன். அந்தச் சுளிப்புக்கு மருந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்தேன் என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுவதுதான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு வெளிவாரிப் படிப்பை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு நான் ஒருவருடைய தகைமைகளை நினைவூட்டுவது வழக்கம். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற இளைஞர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். ஆசிரியராக வேலை செய்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பரீட்சையை 1920இல் இங்கிருந்தே எழுதிச் சித்தியடைந்தார். இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு பயிற்சிச் சான்றிதழ், ஒரு டிப்ளோமா, ஒரு பண்டிதப் பட்டம், ஒரு வெளிவாரிப் பட்டம். அவர்தான் துறவறம் பூண்டு சுவாமி விபுலானந்தர் ஆகி, எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. இன்று அதே விண்ணப்பம் என் பழைய மேசைக்கு வந்திருந்தால் எந்தப் பக்கம் அடுக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

திருகோணமலை வளாகத்தில் படித்தால் கொழும்புப் பட்டத்தை விடக் குறைவாக மதிப்பார்களா?

நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. சான்றிதழில் இருக்கும் பெயர் கிழக்குப் பல்கலைக்கழகம். அங்கே தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம் ஆகியவற்றோடு சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தை அரச பல்கலைக்கழகமொன்றில் பட்டமாகப் படிக்க இலங்கையில் வாய்ப்புள்ள இடங்கள் மிகச் சில. அந்தத் துறையைப் பொறுத்தவரையில் கொழும்புதான் எங்களுக்குப் பின்னால் நிற்கிறது.

குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இசட் புள்ளியிலிருந்து வருகிறது. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இந்த முறை, உயர் தரப் பரீட்சையில் வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்து ஒப்பிடத்தக்கதாக்குகிறது. கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ள மாவட்டம். ஆகவே “கோட்டாவில் போனவன்” என்ற பேச்சு எழுகிறது. இசட் புள்ளி பிள்ளை உள்ளே நுழைந்த வாசலைப் பற்றிச் சொல்கிறது. நான்கு ஆண்டுகளின் பின் வெளியே வந்த ஆளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஈச்சிலம்பற்றில் இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து எடுத்த புள்ளியையும் கொழும்பில் மூன்று தனியார் வகுப்புக்குப் போய் எடுத்த புள்ளியையும் ஒரே எண்ணாக எழுதலாம்; ஒரே உழைப்பாகச் சொல்ல முடியாது.

தொழிற்சான்றிதழ் எடுத்தால் பட்டதாரி ஆக முடியாதா? என் மகன் வெல்டிங் படிக்க விரும்புகிறான்.

விரும்பினால் படிக்க விடுங்கள் என்பதே என் முதல் பதில். இதைச் சொன்னதற்காக ஒரு தகப்பன் என்னோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தார்.

தேசிய தொழிற்தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கு மட்டங்களும் சான்றிதழ்கள். ஐந்தாவது தேசிய டிப்ளோமா, ஆறாவது உயர் தேசிய டிப்ளோமா, ஏழாவது பட்டம். முன்னர் சொன்ன பன்னிரண்டு படி ஏணியோடு இது பொருத்தப்பட்டிருக்கிறது: என்.வி.கியூ. ஐந்து அந்த ஏணியின் மூன்றாம் படிக்கும், ஆறு நான்காம் படிக்கும், ஏழு ஐந்தாம் படிக்கும் ஒப்பானவை. இரத்மலானையில் இயங்கும், யுனிவொடெக் என்று எல்லோரும் அழைக்கும் பல்கலைக்கழகம் இந்த வழியால் வருபவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. எனவே பதினெட்டு வயதில் வெல்டிங் பட்டறைக்குள் போகும் பிள்ளைக்குப் பட்டத்தின் கதவு மூடப்படுவதில்லை. பாதை நீளம், அவ்வளவே.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவர்களுக்கும் இந்தச் சான்றிதழைப் பெறும் வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைக் கோப்பாக்கிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் போதும். கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் படகு இயந்திரம் திருத்துவதில் இருபது ஆண்டு பழகியவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்பதால் கதிரையில் இருக்கச் சொன்னாலும் ஓரத்தில்தான் இருந்தார். பேச்சுக்கிடையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “ஐயா, பெயாரிங் போகுது, இந்த மாசத்துக்குள்ள மாத்துங்கோ” என்றார். எழுந்து போய்த் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கையில் இருந்த அறிவுக்கு அதுவரை ஒரு தாள் இருக்கவில்லை. கத்தாரில் வேலைக்குக் கேட்டதோ அந்தத் தாளைத்தான்.

உயர் தேசிய டிப்ளோமா பட்டத்துக்குச் சமம் என்கிறார்களே?

படியைப் பொறுத்தவரையில் சமமல்ல. அது பட்டத்துக்கு ஒரு படி கீழே. குறிப்பிட்ட சில பதவிகளுக்கு, குறிப்பிட்ட சில டிப்ளோமாக்களைப் பட்டத்துக்குப் பதிலாக ஏற்றுக்கொள்வதாக ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதியிருக்கலாம். எழுதியிருக்கும் பதவிக்கு மட்டும் அது செல்லும். வர்த்தமானியை வாசித்துவிட்டு வாருங்கள்.

சட்டம், கணக்கியல், மருத்துவம் படித்தால் பட்டமே போதும்தானே?

போதாது. சட்டமாணிப் பட்டம் பெற்றவரும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, பயிற்சியை முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகே சட்டத்தரணி. பல்கலைக்கழகம் போகாமல் சட்டக் கல்லூரி வழியாகவே சட்டத்தரணி ஆனவர்களும் நீதிமன்ற வீதியில் நிறைய உண்டு. வழக்காளிக்கு வித்தியாசம் தெரியாது. கணக்கியலில் பட்டயக் கணக்காளர் தகைமை பட்டமல்ல, ஆனால் வணிகமாணிப் பட்டத்தை விட அதற்குச் சம்பளம் கூட. வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருகிறவர் இலங்கை மருத்துவ சபைக்குரிய பரீட்சையில் சித்தியடைந்தே இங்கே பதிவு பெற முடியும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னர் அறிந்துகொள்ளுங்கள்.

கலைப் பட்டம் எடுத்தவர்கள் எல்லோரும் வேலையில்லாமல் இருக்கிறார்களே, அது பயனற்ற பட்டமா?

2017ஆம் ஆண்டு கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் இந்த நகரிலும் சத்தியாக்கிரகம் இருந்தபோது நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பந்தலைக் கடந்துதான் போனேன். தறப்பாளின் கீழே பாயில் இருந்தவர்களில் கலைப் பட்டதாரிகள் அதிகம் என்பது உண்மை. வணிகமும் விஞ்ஞானமும் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாகச் சேர்த்து மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு வழங்கும் திட்டம் வந்தபோது பட்டத்தின் பாடம் என்னவென்று பெரிதாகப் பார்க்கப்படவில்லை. பிரதேச செயலகங்களில் மேசை போதாமல் ஒரு மேசைக்கு இரண்டு பேர் இருந்ததையும் கண்டோம். தவறு கலைப் படிப்பில் இல்லை என்று நினைக்கிறேன். பட்டம் என்றால் அரச உத்தியோகம், அரச உத்தியோகம் என்றால் ஓய்வூதியம் என்று எங்கள் தலைமுறை கற்றுக்கொடுத்த ஒற்றை வழியில்தான் தவறு. மாகாண சபையின் தலைமையகம் இங்கே இருப்பதால் அந்த ஆசை இந்த ஊரில் இன்னும் கூடுதல்.

அதே கலைப் பட்டத்தோடு இலங்கை நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு இருக்கலாம். எந்தத் துறைப் பட்டமும் அதற்குச் செல்லும். பொறியியலாளரும் புவியியல் பட்டதாரியும் ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாளை எழுதுவார்கள். கலைப் பட்டதாரிகளுக்கு நான் சொல்லும் குறை வேறு: மூன்றாண்டு படித்துவிட்டு ஒரு பக்கக் கடிதத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிழையின்றி எழுத வராது என்றால், சான்றிதழ் எவ்வளவு கனமாக இருந்தாலும் நேர்முகப் பரீட்சையில் பத்தாவது நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

தனியார் நிறுவனத்தில் எடுக்கும் வெளிநாட்டுப் பட்டத்தை நம்பலாமா?

நல்லவையும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது நல்லதல்ல. என் மைத்துனரின் மகன் ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு படித்து, காணி ஈடு வைத்த பணத்தைக் கட்டி, பளபளப்பான பொன்னிற முத்திரை பதித்த ஒரு சான்றிதழோடு வந்தான். முதல் வேலை விண்ணப்பமே திரும்பி வந்தது. பட்டம் வழங்கியதாகச் சொல்லப்பட்ட பல்கலைக்கழகம் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. நானே விண்ணப்பம் அடுக்கியவன், கட்டுமுன் ஒருமுறை கேட்டிருந்தால் பார்த்திருப்பேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

பார்க்க வேண்டியது நிறுவனத்தின் கட்டடத்தையோ விளம்பரத்தையோ அல்ல, பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகத்தை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பன்னாட்டுப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ இடம்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையே ஏற்கிறது. உள்நாட்டுத் தனியார் நிறுவனமே பட்டம் வழங்குவதாகச் சொன்னால், எந்தப் பட்டத்துக்கு அரச அனுமதி வர்த்தமானியில் வந்தது என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் ஒரு பட்டத்துக்குக் கிடைத்த அனுமதி அதன் எல்லாப் பட்டங்களுக்கும் செல்லாது. நேரம் கொடுக்காமல், “இன்றைக்கே பதிந்தால் கழிவு” என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கனடாவுக்குப் போனால் எங்கள் பட்டத்தை எப்படிக் கணிப்பார்கள்?

குடியேற்ற விண்ணப்பத்துக்குக் கல்விச் சான்று மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். அந்த அறிக்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். எங்கள் சட்டகத்தின் படி எண் அங்கே நேரடியாகப் பேசாது. எத்தனை ஆண்டு முழுநேரப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பார்ப்பார்கள்; மூன்றாண்டுப் பட்டமும் நான்காண்டுப் பட்டமும் அங்கே கொண்டு போகும் இடத்தில் வேறுபாடு தெரியலாம். பல்கலைக்கழகமே மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் புள்ளிக் கூற்றை நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் மாதங்கள் எடுக்கும். டொரன்டோவில் இருக்கும் அண்ணன் சொன்னதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். அண்ணன் போனது வேறு காலம், வேறு வழி.

உடனே முதுமாணி படிப்பது நல்லதா?

பாடநெறி மட்டும் கொண்ட, குறைந்தது 30 கிரெடிட் முதுமாணி ஒன்பதாம் படி; ஆய்வோடு கூடிய 60 கிரெடிட் முதுமாணி பத்தாம் படி. பெயரில் இரண்டும் முதுமாணிதான். விரிவுரையாளர் கனவு உள்ளவர் முதலாவதில் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதை அடிக்கடி காண்கிறேன். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக முதுமாணிக்குப் போகிறவர்களுக்கு நான் ஒருபோதும் ஊக்கம் கொடுத்ததில்லை; இரண்டு ஆண்டுகளின் பின் அதே வேலையின்மைக்கு வயதும் கடனும் கூடிவிடும். ஆசிரியராக இருப்பவருக்கு முதுமாணிக்கு முன்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா அவசியம்.

சம்பந்தம் பேசும்போது பெண் கூடப் படித்தவளாக இருந்தால் பொருந்துமா?

இது என் மேசைக்குரிய கேள்வியல்ல. ஆனாலும் கேட்கிறார்கள். பொறியியலாளர் மாப்பிள்ளை வேண்டும் என்று காத்திருந்து, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் தங்கமான பிள்ளையைத் தட்டிக்கழித்த குடும்பமொன்றை அறிவேன். அந்தப் பிள்ளை இப்போது உப்புவெளியில் இரண்டு மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறான்.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

மூலச் சான்றிதழ்கள், பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தந்த புள்ளிக் கூற்று, விண்ணப்பிக்க நினைக்கும் வேலையின் விளம்பரம். சான்றிதழை லாமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுத் தேவைக்கு உறுதிப்படுத்தப் போகும்போது பின்பக்கத்தில் முத்திரை குத்த இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை என்னிடம் நிறைய உண்டு. ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் நீங்களே கத்தி வைத்து உரிக்க முயலாமல் அப்படியே கொண்டு வாருங்கள். பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைக் கொண்டுவரத் தேவையில்லை.